சோலார் குத்தகை: தரகர் வாங்கிப் போன கையெழுத்து

விருதுநகர் மாவட்ட வாசகி ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். கணவர் காலமாகிவிட்டார். மானாவாரிக் கரிசல் நிலம் 4 ஏக்கர், கொழுந்தனாரோடு கூட்டுப் பட்டாவில் இருக்கிறது. தை மாதம் உள்ளூர்த் தரகர் வீட்டுக்கு வந்தார். முறைக்கு அண்ணன். "சோலார் கம்பெனிக்காரங்க ஏக்கருக்கு வருஷம் 30,000 தர்றாங்க. பிடிக்கலைன்னா எப்ப வேணும்னாலும் விலகிக்கலாம்" என்றாராம். சார்பதிவாளர் அலுவலகத்தில் கையெழுத்து, கைரேகை, போட்டோ எல்லாம் முடிந்து, முன்பணமாக 40,000 ரூபாய் கைக்கு வந்தது. தரகர் கொடுத்த ஜெராக்ஸ் பக்கங்களை ஆடி மாதம் விடுமுறைக்கு வந்த மகள் படித்துப் பார்த்திருக்கிறாள். எல்லாம் ஆங்கிலம். ஏக்கருக்கு 18,000, காலம் 28 வருடம், இடையில் நிலக்காரர் விலக முடியாது. "இதிலிருந்து வெளியே வர வழி இருக்கிறதா?" என்பது வாசகியின் கேள்வி.

வழி இருக்கிறது. ஆனால் ஜெராக்ஸை வைத்துக்கொண்டு தரகரோடு சண்டைக்குப் போவதில் பயன் இல்லை. அன்று பதிவானது எந்தப் பத்திரம் என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். குத்தகைப் பத்திரமா, கிரய ஒப்பந்தமா, பொது அதிகாரப் பத்திரமா? ஒரே நாளில் இரண்டு, மூன்று பத்திரங்களில் கையெழுத்து வாங்குவதும் உண்டு. பதிவுத்துறை இணையதளத்தில் சர்வே எண்ணைக் கொடுத்து வில்லங்க விவரத்தைக் கட்டணம் இல்லாமலே பார்க்கலாம். பிறகு சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்து, தாம் கையெழுத்திட்ட ஒவ்வொரு பத்திரத்துக்கும் முழுமையான சான்றிட்ட நகல் வாங்க வேண்டும். தரகர் கொடுக்காமல் விட்ட பக்கங்களில்தான் பெரும்பாலும் விஷயம் இருக்கும்.

பவர் கொடுத்திருந்தால் அதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். அது உயிரோடு இருக்கும்வரை, அதில் எழுதிய அதிகாரத்துக்கு உட்பட்டு, வாசகியின் பெயரில் இன்னொருவர் கையெழுத்துப் போட முடியும். சாதாரண பவர் என்றால், ரத்துப் பத்திரம் பதிவு செய்து, பவர் வாங்கியவருக்கு எழுத்து மூலம் தெரிவிக்கலாம். பணம் பெற்றுக்கொண்டு கொடுத்த பவர் என்று எழுதியிருந்தால் ஒருதலையாக ரத்து செய்வது எளிதல்ல. வக்கீலிடம் காட்டிவிட்டே அடுத்த அடி வைக்க வேண்டும்.

குத்தகைப் பத்திரம் மட்டும்தான் என்றால், அதற்குள்ளேயே வெளியேறும் வாசல் இருக்கிறதா என்று தேட வேண்டும். ஒரு மெகாவாட் சோலாருக்கு நாலைந்து ஏக்கர் வேண்டும். பெரிய திட்டத்துக்கு நூற்றுக்கணக்கான ஏக்கரைச் சேர்க்க வேண்டும். மின் இணைப்புக்கு அனுமதி கிடைப்பதற்கு முன்பே சிறு முன்பணம் கொடுத்து நிலங்களைப் பிடித்து வைப்பவர்கள் உண்டு. அப்படிப்பட்ட பத்திரங்களில் "இத்தனை மாதத்துக்குள் நிலத்தை எடுத்துக்கொண்டு குத்தகைப் பணம் கட்டத் தொடங்க வேண்டும்" என்று ஒரு கெடு இருக்கலாம். வாசகியின் நிலத்தில் இதுவரை ஒரு கல்கூட ஊன்றவில்லை, முதல் வருடக் குத்தகையும் வரவில்லை என்கிறார். கெடு தாண்டியிருந்தால் அதைக் காட்டியே விலகல் நோட்டீஸ் அனுப்பலாம்.

அடுத்தது கொழுந்தனார். பாகம் பிரிக்காத நிலத்தில் ஒரு பங்குதாரர் தம் பங்கை மட்டுமே கட்டுப்படுத்த முடியும். கொழுந்தனார் கையெழுத்து இல்லாமல் 4 ஏக்கரையும் குத்தகைக்கு விட்டதாக எழுதியிருந்தால், அவர் பங்கை அது கட்டுப்படுத்தாது. அவர் தம் ஆட்சேபனையைத் தனியாகக் கம்பெனிக்கு எழுத வேண்டும். இதற்காகவாவது பழைய வரப்புத் தகராறை ஒதுக்கிவைத்துவிட்டு அவரோடு உட்கார்ந்து பேசுவது நல்லது (கடிதத்தில் அந்தத் தகராறும் ஒரு பக்கத்துக்கு வருகிறது).

இனி, தரகர் சொன்ன பொய். "அது தரகர் சொன்னது, எங்களுக்குச் சம்பந்தமில்லை" என்று கம்பெனி சொல்லக்கூடும். தரகருக்குக் கமிஷன் யார் கொடுத்தது என்று விசாரிக்க வேண்டும். கம்பெனிக்காக வேலை செய்த முகவர் என்று காட்ட முடிந்தால், அந்த வேலையின்போது அவர் சொன்ன பொய் கம்பெனியே சொன்னதற்குச் சமம் என்கிறது 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 238-வது பிரிவு. ஏமாற்றிப் பெற்ற சம்மதம் என்றால், ஏமாந்தவர் ஒப்பந்தத்தை ரத்து செய்யக் கேட்கலாம் என்கிறது 19-வது பிரிவு. "படித்துப் பார்த்திருக்கலாமே" என்று எதிர்த்தரப்பு கேட்கும். வாசகிக்கு ஆங்கிலம் தெரியாது, யாரும் தமிழில் படித்துச் சொல்லவில்லை என்பது அதற்குப் பதில். ஆனால் வாயால் சொன்னால் போதாது. தரகர் போனில் அனுப்பிய குரல் பதிவுகள் அழியாமல் இருக்கட்டும். அன்று திண்ணையில் இருந்து 30,000 என்று காதால் கேட்டவர்களின் பெயரை எழுதி வைக்கட்டும். பத்திரத்தை ரத்து செய்யக் கோரும் வழக்குக்கு, உண்மை தெரிந்த நாளிலிருந்து 3 வருடம்தான் காலம். ஆடியில் தெரிந்தது என்றால் கணக்கு ஆடியிலிருந்தே ஓடுகிறது.

ரத்து கேட்பவர் வாங்கிய பணத்தைத் திருப்பித் தர வேண்டியிருக்கும். அந்த 40,000-த்தில் கூரை மாற்றிவிட்டதாக எழுதியிருக்கிறார். புரட்டித்தான் ஆக வேண்டும். அதைத் தரகர் கையில் கொடுக்கக் கூடாது, கம்பெனியின் வங்கிக் கணக்கில் கட்ட வேண்டும். இன்னொரு காசோலை வந்தால் மாற்றக் கூடாது. விஷயம் தெரிந்த பிறகும் பணம் வாங்கினால், ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடும். "விலகினால் 5 லட்சம் அபராதம்" என்று ஒரு வரி இருப்பதாக மகள் பயப்படுகிறாள். எழுதிய தொகை அப்படியே கிடைத்துவிடாது. 74-வது பிரிவுப்படி நியாயமான இழப்பீடுதான், அதுவும் அந்தத் தொகைக்குள்.

பதிவான குத்தகையை ஒரு தரப்பு மட்டும் போய் ரத்து செய்ய முடியாது. இரு தரப்பும் சேர்ந்து ரத்துப் பத்திரம் பதிய வேண்டும், இல்லையென்றால் கோர்ட் தீர்ப்பு வேண்டும். வேலை தொடங்காத நிலத்துக்காகப் பல வருடம் வழக்காட எல்லாக் கம்பெனியும் விரும்பாது. ஆகவே வக்கீல் நோட்டீஸ் கம்பெனியின் பதிவு அலுவலக முகவரிக்கே போகட்டும், பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை கிடைக்கும்படி. நகல் ஒன்று தரகருக்கு. அண்ணன் முறைக்காரரிடம் முகத்துக்கு நேரே பேசச் சங்கடம் என்கிறார், அந்தச் சங்கடமும் இதில் தீரும்.

வக்கீலுக்குப் பணம் இல்லையே என்ற கவலை வேண்டாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. தாலுகா கோர்ட்டில் உள்ள வட்ட சட்டப் பணிகள் குழுவில் மனுக் கொடுக்கலாம், 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

கடைசிப் பக்கத்தில், புரட்டாசியில் உழலாமா, உழுதால் தப்பாகிவிடுமா என்று கேட்டிருக்கிறார். நிலத்தின் சுவாதீனத்தைக் கம்பெனியிடம் ஒப்படைத்ததாகப் பத்திரத்தில் வரி இருக்கிறதா என்று நகலில் பார்க்கட்டும். இல்லையென்றால் தாராளமாக உழலாம். இருந்தால் வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உழட்டும். மக்காச்சோளமோ குதிரைவாலியோ, விதைத்ததும் கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லி அடங்கலில் பயிரைப் பதிய வைக்க வேண்டும். நிலம் யார் கையில் இருக்கிறது என்ற கேள்வி வரும்போது அந்த ஒரு வரி பேசும். தரகர் வந்து தடுத்தால் வாய்ச்சண்டை வேண்டாம். எழுதிக் கொடுக்கச் சொல்லி அதையும் கோப்பில் சேர்த்துக்கொள்ளட்டும்.