சுறாப்புட்டும் புகைபோக்கியும்



அண்மையில் சத்வாவில் ஓர் இல்லத்திற்குப் பச்சிளங்குழந்தையை ஆசீர்வதிக்கச் சென்றிருந்தேன். தூத்துக்குடியிலிருந்து வந்திருந்த பாட்டி, பிள்ளை பெற்ற மகளுக்குச் சுறாப்புட்டு சமைத்துக்கொண்டிருந்தார். "பால் நல்லா ஊறும், சாமி" என்றார். தலைமுறைகளாய் வந்த அந்த அன்புணவில் இன்று ஒரு நஞ்சு கலந்திருக்கிறது.

நிலக்கரியில் பாதரசம் மிகச் சிறிதளவே உண்டு. அனல்மின் நிலையத்தில் எரியும்போது அது ஆவியாகிப் புகைபோக்கி வழியே வெளியேறி, கண்டங்களைக் கடந்தும் பரவி, கடலில் இறங்குகிறது. அங்கே நுண்ணுயிர்கள் அதை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. சிறுமீனைப் பெருமீன் உண்ண உண்ண, நஞ்சு திரண்டு சுறா போன்ற மீன்களில் மிகுகிறது. கருவிலும் தாய்ப்பாலிலும் வளரும் குழந்தையின் மூளைக்கே அது பெருங்கேடு.

இந்திய அரசு 2015 டிசம்பரில் வரம்பு விதித்தது: ஒரு கனமீட்டர் புகையில் 0.03 மில்லிகிராம். ஆனால் 2003-ஆம் ஆண்டு முடியுமுன் நிறுவப்பட்ட, 500 மெகாவாட்டுக்குக் குறைந்த அலகுகளுக்கு இப்பாதரச வரம்பு விதிக்கப்படவில்லை. தூத்துக்குடி அனல்மின் நிலையத்தின் ஐந்து அலகுகளும் 1979 முதல் 1992 வரை நிறுவப்பட்டவை. ஒவ்வொன்றும் 210 மெகாவாட். பழையது, சிறியது என்பதாலேயே அவை விதிக்கு வெளியே நிற்கின்றன. கந்தகத்தை நீக்கும் கருவி பாதரசத்தின் ஒரு பகுதியையும் பிடிக்கும். 2025 ஜூலையிலோ பெரும்பாலான நிலையங்களுக்குக் கந்தக விதியிலிருந்தே விலக்களிக்கப்பட்டது.

"ஏழைக்கு மின்சாரம் வேண்டாமா, சாமி?" என்பீர்கள். வேண்டும். நிலையங்களை நாளையே மூடுமாறு நான் கேட்கவில்லை. கிளர்வூட்டிய கரித்தூளைப் புகையில் தூவிப் பாதரசத்தைப் பிடிக்கும் முறை பிற நாடுகளில் நெடுநாளாக நடைமுறையில் உள்ளது. நாம் வாழும் துபாயிலேயே, நிலக்கரிக்கெனக் கட்டப்பட்ட 2,400 மெகாவாட் ஹஸ்யான் நிலையத்தை இயற்கை எரிவாயுவுக்கு மாற்றுவதாக 2022-இல் அறிவித்தனர். எரிவாயுவும் கரியை வெளியிடும். பாதரசத்தையோ ஏறத்தாழ வெளியிடாது. செல்வ நாட்டோடு நம் மாநிலத்தை ஒப்பிடுவது முறையன்று. எனினும், வரம்பைப் பழைய அலகுகளுக்கும் விரிப்பதற்குச் செல்வத்தைவிட மனமே முதலில் தேவை.

விடுமுறையில் ஊர் செல்லும்போது உங்கள் மக்கள் பிரதிநிதிகளிடம் இதைக் கேளுங்கள். நீங்கள் அனுப்பும் பணத்தில் வீடு எழும்புகிறது. அவ்வீட்டுக் குழந்தையின் நலனுக்காகக் குரலும் எழட்டும்.

அந்தப் பாட்டியிடம், சுறாவை விடுத்து நெத்திலி, சாளை கொடுக்கும்படி மெல்லச் சொன்னேன். சற்றுநேரம் யோசித்தார். "சாளையே வாங்கிக்கிறேன் சாமி. ஆனா அந்தப் புகைய யாரு நிறுத்துவா?" என்றார்.

இறையாசீருடன்,
உங்கள் பங்குத்தந்தை