இருளரும் மரபணுவும்

1978இல் தோன்றிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் இயங்குவதை நம் மாணவர் பலர் கண்டிருப்பர். அம்மக்களைக் 'கலப்பற்ற ஆதிகுடி' என மேடைதோறும் போற்றுவது வழக்கமாகிவிட்டது. இதனை நாம் ஏற்பதற்கில்லை.

பல்லாவரத்தில் 1863இல் புரூஸ் ஃபூட் கற்கருவி கண்டெடுத்தார். பழைய செங்கற்பட்டு மாவட்டத்து அத்திரம்பாக்கத்தின் கருவிகளோ ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுத் தொன்மையுடையன. இன்றைய மனித இனத்தின் அகவையே 3 இலட்சம் ஆண்டளவு எனில், அக்கருவி செய்தோரை இருளரின் நேர் மூதாதையர் என்பது எங்ஙனம் பொருந்தும்?

பிரெனீஸ் மலையோரத்துப் பாஸ்க் மக்களையும் பழங்கற்கால வேடரின் தூய வழித்தோன்றல்கள் என்றே அறிஞர் நெடுநாள் கருதினர். 2015இல் வெளிவந்த பண்டை மரபணு ஆய்வோ, அவர்பால் தொல் உழவரின் மரபே மிகுந்திருத்தலைக் காட்டிற்று. இந்தியப் பெருநிலத்துக் குடிகள் ஏறக்குறைய யாவும் இரு தொல்மரபுகளின் கலப்பே என்பது 2009ஆம் ஆண்டு ஆய்வின் முடிபு. இருளரிடம் தொல்வேடர் கூறு மிகுதி, அவ்வளவே. நம் குருதியிலும் அக்கூறு உண்டு.

இத்துணைத் தொன்மை பேசும் நாம், 1970களில் பாம்புத்தோல் வாணிகம் தடைப்பட்டபோது அவர்தம் அடுப்பு அணைந்ததை எண்ணினோமா? சாதிச் சான்றிதழ் வேண்டி இன்றும் அவர்களுட் பலர் அலுவலகப் படியேறி நிற்கின்றனர். அஃதின்றி அவர்தம் சிறார்க்கு இடஒதுக்கீடும் உதவித்தொகையும் ஏட்டளவே.