காசு வந்தது, குடிசை போனது!

1933-ம் ஆண்டு கோடையில் அமெரிக்காவில் ஓர் அதிசயம் நடந்தது. நன்றாக விளைந்து நின்ற பருத்திச் செடிகளை விவசாயிகளே ஏர் பூட்டி உழுது அழித்தார்கள்!

ஏர் இழுத்த கோவேறு கழுதைகள் முரண்டு பிடித்தனவாம். செடியை மிதிக்காமல் நடக்கப் பழகியவை அவை. செடி மீதே நடக்கச் சொன்னால் நடக்குமா?

ஏன் இந்த அழிவு?

விலை வீழ்ச்சிதான் காரணம். 1919-ல் ஒரு ராத்தல் பருத்தி (அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு) சுமார் 35 சென்ட் விற்றது. 1932-ல் அது சுமார் 6 சென்ட்டாக விழுந்தது. பருத்தி மலை போல் குவிந்தது. வாங்குவார் இல்லை.

"விளைச்சல் குறைந்தால் விலை ஏறும்" என்று ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் சர்க்கார் கணக்குப் போட்டது. பயிரை அழித்தவர்களுக்குப் பணம் கொடுத்தது. சுமார் 1 கோடி ஏக்கர் பருத்தி அழிந்தது. விலையும் ஏறியது.

செக் யாருக்கு?

ஆர்க்கன்சா ராஜ்யத்தில் பாயின்செட் என்று ஒரு கவுண்டி இருக்கிறது. கவுண்டி என்பது நம் ஜில்லாவைப் போன்றது. அங்கே நிலம் பண்ணையாருக்குச் சொந்தம். உழுதவர்களோ வாரக் குடியானவர்கள். விளைந்ததில் பாதி பண்ணைக்கு. மீதிப் பாதியும் பெரும்பாலும் கடனுக்கு!

1934-ல் சர்க்கார் புதிய ஒப்பந்தம் போட்டது. அதன்படி, பயிரிடாமல் விட்ட பருத்திக்கு ராத்தலுக்கு 4½ சென்ட் மானியம். அதில் 4 சென்ட் நிலக்காரருக்கு. வாரக் குடியானவருக்கு அரை சென்ட்! அந்த அரை சென்ட்டும் பலருக்குக் கைக்கு வரவில்லை.

பயிரிடும் நிலம் குறைந்தது. அதனால் ஆளும் தேவைப்படவில்லை. குடும்பம் குடும்பமாகக் குடிசையை விட்டு வெளியேற்றினார்கள். முடிந்த வரை குடிகளை வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. ஆனால், "முடிந்த வரை" என்ற சொல்லே தப்பிக்க வழியாகி விட்டது.

ஒன்று சேர்ந்தனர்

1934 ஜூலையில் அந்தக் கவுண்டியின் டைரன்சா ஊரில் 18 பேர் கூடினார்கள். 11 பேர் வெள்ளையர். 7 பேர் கறுப்பர். நிறவெறி தலைவிரித்து ஆடிய காலம் அது. ஆனாலும் பசி அவர்களை ஒன்று சேர்த்தது. குத்தகைக் குடியானவர் சங்கம் பிறந்தது.

விவசாய இலாகாவின் சட்ட அதிகாரிகள் சிலர் குடியானவர்களுக்காக வாதாடினார்கள். 1935-ல் அவர்களுடைய வேலையே போயிற்று!

1936-ல் சுப்ரீம் கோர்ட்டு அந்தச் சட்டத்தைத் தள்ளியது. ஆனால் மானியம் நிற்கவில்லை. வேறு சட்டங்கள் வந்தன. இன்றும் அமெரிக்காவில் பயிர் மானியத்தின் பெரும் பகுதி ஏக்கர் கணக்கில்தான் போகிறது. அதிக நிலம் இருந்தால் அதிகப் பணம்!

"ஒருவருக்கு ஒரு பயிருக்கு 55 ஆயிரம் டாலருக்கு மேல் இல்லை" என்று 1970-ல் சட்டம் வரம்பு கட்டியது. உடனே பெரிய பண்ணைகள் காகிதத்தில் பல பங்காளிகளாகப் பிரிந்தன. ஆளுக்கு ஒரு வரம்பு!

மானியம் தவறா? இல்லை. மழை பொய்க்கும், விலை விழும். அப்போது விவசாயியைத் தாங்குவது சர்க்காரின் கடமை. ஆனால் பணம் கொடுத்தால் மட்டும் போதாது. அது யார் வீட்டு அடுப்பை எரிய வைத்தது என்றும் பார்க்க வேண்டும்.

நிலத்தை அளக்கச் சங்கிலி இருக்கிறது. அதில் சிந்திய வியர்வையை அளக்க எது இருக்கிறது? அதையும் கணக்கில் சேர்க்கும் மானியமே நியாயமான மானியம்!