நாடியை எண்ணும் விரல்கள்

தேர்வு நெருங்கினால் நம்மில் சிலருக்குத் தலைவலி வெறும் தலைவலியாக இருப்பதில்லை; மூளைக் கட்டியாகவே தோன்றுகிறது. செபமாலை மணிகளைவிட நாடியை அதிகம் எண்ணும் விரல்கள் நம் விடுதியில் உண்டு! இதைப் பாசாங்கென்று நகைப்பது தகாது என்பதே எம் கருத்து. அச்சத்தில் நெஞ்சு படபடப்பது மெய்யன்றோ? ஓய்வாக இருக்கையில் நாடி நிமிடத்திற்கு 60 முதல் 100 முறை துடிப்பது இயல்பு. அதைப் பாடவேளைதோறும் எண்ணி, பயந்து, மறுபடியும் எண்ணினால் அது விரையாமல் என்ன செய்யும்?

மருத்துவர் பார்த்து ஒன்றுமில்லை என்றபின் செல்பேசியில் நோய்க்குறிகளைத் தேடுவதை நிறுத்த வேண்டும். "எனக்கு ஒன்றும் இருக்காதே?" என்று தோழி பத்தாம் முறை கேட்கையில், பத்தாம் முறையும் "இருக்காது" என்பது ஆறுதல்போல் தோன்றினும் கவலைக்குத் தீனியே. உறக்கமும் படிப்பும் கெடுமளவுக்குப் போனால், பெற்றோரிடம் சொல்லி மனநல மருத்துவரை நாடுவதில் வெட்கம் எதற்கு?