நாடகம் முடிந்த பின்

நாடகம் பார்த்துவிட்டு நேரே வீடு சென்று படுத்துறங்குபவர் பாதி நாடகத்தையே பார்த்தவராவார். மற்றப் பாதி தேநீர்க்கடையில் நடைபெறுகிறது. இலண்டனில் அரங்கை விட்டு வெளியேறுவோர் மதுச்சாலையை நாடுவதுண்டு. நம்மவரிலும் அப்பழக்கமுடையார் சிலர் உளர். அவர்கள் கூறும் விமரிசனம் மறுநாட் காலையில் அவர்களுக்கே நினைவிராது. ஆதலால் அவர்களை விட்டுவிடுவோம்.

ஹந்தானை மலையடியில், பேராதனைப் பல்கலைக்கழக வளவில், ஒரு திறந்தவெளி அரங்கு உண்டு. பள்ளத்தில் அமைந்திருப்பதால் சிங்கள மாணவர் அதனை 'வள', அதாவது குழி, என்றே அழைப்பர். இன்று அது பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திரவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவருடைய 'சிங்கபாகு' 1961இல் முதன்முதலாக மேடையேறியது இங்கேதான். 1956இல் கொழும்பில் அரங்கேறிய 'மனமே'யை, 'நாடகம' என்னும் பழைய சிங்கள ஆடல் வடிவைக் கொண்டு அவர் உருவாக்கினார். அவ்வடிவமோ தமிழ்க் கூத்தின் வழிவந்தது. 'மனமே'யின் வெற்றி நம்மவர் கண்களையும் நமது கூத்தின் பக்கம் திருப்பிற்று. பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்துமரபைப் பேராதனை மாணவரிடையே கொணர்ந்து, 1962இல் 'கர்ணன் போர்', 1963இல் 'நொண்டி நாடகம்', பின்னர் 'இராவணேசன்', 'வாலிவதை' எனத் தொடர்ந்து மேடையேற்றினார். விடிய விடிய ஆடிய கூத்து ஓரிரு மணி நேரத்துள் அடங்கிற்று.

இச்சுருக்கத்தைப் பற்றி அறிஞர் பலர் எழுதியுள்ளனர். நாம் கூற விரும்புவது தேநீர் சம்பந்தமான ஒரு சிறு விடயம். இரவு முழுதும் ஆடும் கூத்துக்குப் 'பின்' என்பதே கிடையாது. களரியைச் சூழப் பாய் விரித்து அமர்ந்திருப்போர் இடையிடையே எழுந்துபோய்க் கோப்பி குடிப்பர்; பிள்ளைகள் உறங்குவர்; போர்க் கட்டம் வந்ததும் எழுப்பப்படுவர். பொழுது விடிந்ததும் அவரவர் வேலைக்குப் போய்விடுவர். கூத்து ஒன்பது மணிக்கே முடிந்தாலன்றோ அதைப் பற்றிப் பேச ஓர் இரவு மிஞ்சும்!

மாணவப் பருவத்தில் அந்த இரவை நாங்கள் கலகா சந்திப் பக்கம் ஒரு சிறு கடையில் கழிப்பதுண்டு. சீனி போட்ட வெறுந்தேநீர். கையில் காசிருந்தால் ஒரு வடை. இலங்கைத் தேயிலையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் கப்பலேறிவிடுகிறது. எங்கள் கோப்பைக்கு வந்தது மிஞ்சிய தூள்தான். ஆயினும் மலைக்காற்றில் நடுங்கி வந்தவர்க்கு அதுவே அமுதம்.

அவ்வாறான ஓரிரவு, கூத்தைச் சுருக்கலாமா கூடாதா என்று எங்களிடையே பெரும் வாக்குவாதம். மேலே தோட்டத்திலிருந்து வந்த முதியவர் ஒருவர் மூலையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"இரவு முழுக்க ஆடினால் ஆர் ஐயா இருந்து பார்க்கிறது? முடிவுதான் எல்லாருக்கும் தெரியுமே" என்றான் எங்களில் ஒருவன்.

"எங்க காமன் கூத்துலயும் முடிவு எல்லாருக்கும் தெரியுங்க தம்பி. மன்மதன் எரிஞ்சிதான் போவான். தெரிஞ்சும் விடியிறவரைக்கும் குந்தியிருப்பாங்க. ரதி அழறப்போ எங்க பொம்பளைங்களும் சேந்து அழுவாங்க. மாசியில வாங்க, பாக்கலாம்."

மாசி அமாவாசையை அடுத்துக் காமன் ஊன்றி, நாட்கணக்கில் தப்பு முழங்க ஆடி, இறுதியில் காமனை எரிப்பது மலையக வழக்கம். எங்கள் கோப்பைக்குக் கொழுந்து கொய்த மக்களின் நாடகம் அது. 1948ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களிற் பெரும்பாலாருக்கு இந்நாட்டின் குடியுரிமையையே மறுத்திருந்தது. மேடையும் ஒளியமைப்பும் இல்லாமலே, லயத்து முற்றத்தில், எங்கள் விடுதியிலிருந்து நடந்து போகும் தூரத்தில் அது ஆடப்பட்டு வந்தது. நாங்களோ கூத்தை எவ்வாறு காப்பது என்று கீழேயிருந்து விவாதித்துக்கொண்டிருந்தோம்.

வருவதாக ஒப்புக்கொண்டோம். அவருடைய தேநீருக்கும் நாங்களே காசு கொடுத்தோம்.

மாசி வந்தபோது பரீட்சையும் வந்தது. இரவில் மலைப்பக்கமிருந்து தப்பொலி கேட்டது. படிப்புக்கு இடையூறாக இருக்கிறதென்று சன்னலைச் சாத்தினோம்.