மாறுகண் அதிர்ஷ்டம்னு சொல்றவங்களுக்கு ஒரு இழை

1/ அடுத்த தடவை குற்றாலம் பேரருவிக்குப் போனா ஒண்ணு செஞ்சு பாருங்க. விழற தண்ணிக்கு நடுவுல ஒரே இடத்தை ஒரு நிமிஷம் கண்ணை அசைக்காம பாருங்க. அப்புறம் சட்டுனு பக்கத்துப் பாறையைப் பாருங்க. பாறை மேல ஏறுற மாதிரி தெரியும்.

2/ 1834-ல ராபர்ட் ஆடம்ஸ், ஸ்காட்லாந்துல ஃபாயர்ஸ் அருவியில இதைப் பார்த்து எழுதி வெச்சார். கீழ்நோக்கிய அசைவைக் கவனிக்கிற மூளை செல்கள் களைச்சுப் போக, மேல்நோக்கிய செல்களோட கை ஓங்குது. பாறை நகரல, கண்ணுலயும் கோளாறு இல்ல. பார்க்கறது மூளை.

3/ இப்ப விஷயத்துக்கு வரேன். மேலகரத்துல என்கிட்ட காய்ச்சலுக்கு வந்த 4 வயசுப் புள்ள. இடது கண் உள்பக்கமா திரும்பியிருக்கு. கேட்டா ஆச்சி சொல்றாங்க: "அது ராசி டாக்டரு. வளந்தா சரியாயிரும்." ரெண்டுமே தப்பு.

4/ நம்ம ரெண்டு கண்ணுக்கும் நடுவுல சுமார் 6 செ.மீ. இடைவெளி. அதனால ரெண்டும் கொஞ்சம் வேற வேற படம் அனுப்பும். அந்த வித்தியாசத்தை வெச்சு மூளை ஆழத்தைக் கணக்கு போடும். 1838-லயே வீட்ஸ்டன் இதைக் காட்டிட்டார்.

5/ மாறுகண்ல ரெண்டு படமும் பொருந்தாது. எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியாம இருக்க, குழந்தையோட மூளை ஒரு படத்தை ஒதுக்கும். ஒதுக்கி ஒதுக்கி அந்தக் கண்ணோட பார்வையே மங்கலாம். இதுதான் சோம்பேறிக் கண்.

6/ ஹியூபெல், வீசல் ரெண்டு பேரும் பூனைக்குட்டிகளோட ஒரு கண்ணை மூடி வெச்சாங்க. திறந்தப்ப கண் நல்லாதான் இருந்தது. ஆனா மூளை அதைக் கைவிட்டிருந்தது. 1981-ல நோபல் பரிசு வாங்கினாங்க.

7/ "புள்ள நல்லா ஓடியாடுதே?" ஆமா. ஒத்தைக் கண்ணாலயும் தூரத்தை ஊகிக்கலாம். தென்காசி - குற்றாலம் பஸ்ல பாருங்க: ரோட்டோர மரம் பறக்கும், மலை கூடவே வரும். மூளைக்கு அதுவும் ஒரு கணக்கு. அதனாலதான் குறை வெளியே தெரியறதில்ல. ஊசியில நூல் கோக்கறப்ப, பந்து பிடிக்கறப்பதான் தடுமாறும்.

8/ வீட்டுல அதிர்ஷ்டம்னு சொல்றீங்க. பள்ளிக்கூடத்துல அதே புள்ளைக்கு "ஒன்றரைக்கண்ணு"னு பட்டப்பேரு. பொண்ணு பார்க்க வர்றப்ப அதே கண்ணு குறையாயிடும். யாருக்குங்க அதிர்ஷ்டம்?

9/ பிறந்த முதல் சில மாசம் கண் அப்பப்ப விலகலாம். 4 மாசத்துக்கு அப்புறமும் விலகினா கண் டாக்டர்கிட்ட காட்டுங்க. கண்ணாடி, நல்ல கண்ணை மறைச்சு ஒட்டுற ஒட்டு, தேவைப்பட்டா ஆபரேஷன். 7 வயசுக்குள்ள வந்தா பலன் அதிகம். லேட்டாயிருந்தாலும் வாங்க.

10/ கருவிழி நடுவுல வெள்ளையா மின்னினா அன்னைக்கே போங்க. மாறுகண், விழித்திரைப் புற்றுநோயோட அறிகுறியாவும் இருக்கலாம்.

11/ பயமுறுத்தல. ராசின்னு சொல்லி நாளைக் கடத்தாதீங்க. புள்ளைக்கு ரெண்டு கண்ணு. ரெண்டும் வேலை செய்யட்டும்.