கத்தரித்த கண்ணீர்

ரப்பர் உடுப்புக்குள் ஒரு மனிதன் புகுந்துகொண்டு பொம்மைப் பட்டணத்தை மிதித்துத் துவைப்பதில் என்ன கலை இருக்கிறது என்று கேட்கிறவர்கள் உண்டு. ‘காட்ஸில்லா’ என்று உலகமெங்கும் பெயர் எடுத்த ஜப்பானிய ராட்சஸப் பிராணியைப் பற்றிப் பிரஸ்தாபித்தால் சிறுவர்கள் சிரிக்கிறார்கள். பெரியவர்களும் கூடச் சேர்ந்து சிரிக்கிறார்கள். ஆனால் 1954-ஆம் வருஷம் நவம்பர் 3-ந் தேதி ‘கோஜிரா’ என்னும் சொந்தப் பெயருடன் அந்தப் படம் ஜப்பானில் வெளிவந்தபோது, கொட்டகையில் இருந்தவர்களுக்கு அது அவ்வளவு எளிதில் சிரித்துவிடக்கூடிய விஷயமல்ல.

காரணத்தைச் சொல்லுகிறோம். அதே வருஷம் மார்ச் 1-ந் தேதி, பசிபிக் மகாசமுத்திரத்தில் பிகினி என்னும் பவளத்தீவில், அமெரிக்கா ஒரு ஹைட்ரஜன் குண்டை வெடித்துப் பரீட்சை பார்த்தது. நிபுணர்கள் போட்ட கணக்கைப்போல் இரண்டு மடங்குக்கும் அதிகமான சக்தியுடன் அது வெடித்தது. வெகு தூரத்தில் மீன் பிடித்துக்கொண்டிருந்த ஒரு ஜப்பானியப் படகின்மேல் வெண்சாம்பல் பொழிந்தது. படகில் இருந்த 23 பேரும் நோயுற்றார்கள். ஜனங்கள் மீன் வாங்கவே அஞ்சினார்கள். படகின் ரேடியோக்காரரான குபோயாமா செப்டம்பர் 23-ந் தேதி உயிர் நீத்தார். ஆறு வாரம் கழிவதற்குள் படம் வெளியாயிற்று!

கதையும் ஒரு கப்பல் பேரொளியில் பற்றி எரிவதில்தான் ஆரம்பமாகிறது. டைரக்டர் இஷிரோ ஹோண்டா, யுத்தம் முடிந்து ஊர் திரும்பும் வழியில் ஹிரோஷிமாவின் பாழைக் கண்ணால் கண்டவர். படத்தில் ரயில் வண்டியில் போகும் ஒரு பெண், நாகசாகியில் தப்பிப் பிழைத்தும் இந்தக் கதியா என்று நொந்துகொள்கிறாள். எரியும் தெருவில் ஒரு தாய், தகப்பனாரிடம் போய்ச் சேரப் போகிறோம் என்று குழந்தைகளை அணைத்துக்கொள்கிறாள். இவற்றில் ரப்பர் எங்கே இருக்கிறது?

ஜப்பானிய விமரிசகர்கள் சிலர், தேசத்தின் துக்கத்தைக் காசாக்குகிறார்கள் என்று கடிந்துகொண்டார்கள். ஜனங்களோ சுமார் 96 லட்சம் டிக்கெட்டுகள் வாங்கினார்கள். தங்கள் வயிற்றில் இருந்த பயத்திற்கு ஒரு ரூபம் கிடைத்ததைப் பார்க்க அவர்கள் போனார்கள் என்றே நமக்குத் தோன்றுகிறது.

1956-இல் படம் அமெரிக்கா போய்ச் சேர்ந்தது. அங்கே ரேமண்ட் பர் என்ற நடிகரைப் பத்திரிகை நிருபராக நடுவில் நுழைத்து, கதையை அவர் வாயால் சொல்ல வைத்தார்கள். ஹைட்ரஜன் குண்டு என்ற பேச்சு அடியோடு போய்விடவில்லை. ஆனால் நாகசாகிப் பெண்ணின் நோவு போயிற்று. இத்தகைய பரீட்சைகள் தொடர்ந்தால் உலகில் வேறெங்கேனும் இன்னொரு கோஜிரா தோன்றலாம் என்று கிழ விஞ்ஞானி யமானே முடிவில் விடுக்கும் எச்சரிக்கையும் போயிற்று. பட்டணம் இடிவதை வைத்துக்கொண்டு, பட்டணத்தாரின் மனம் இடிந்ததைக் கத்தரித்துவிட்டார்கள். ஒரு தேசத்தின் துயரத்தை அந்நியர் ஒருவர் விளக்கிச் சொல்ல, உலகம் அதைக் கேட்டது, கேட்டுவிட்டுச் சிரித்தது. அசல் படம் அமெரிக்கக் கொட்டகைகளில் முறையாகத் திரையிடப்பட்டது 2004-இல்தான்.

அசல் படத்தில் நமக்கு மிகவும் மேலாகத் தோன்றும் பாத்திரம் ராட்சஸப் பிராணி அல்ல. ஸெரிஸாவா என்ற இளம் விஞ்ஞானி. கோஜிராவைக் கொல்லும் சாதனம் அவரிடம் இருக்கிறது. ஆனால் அது ஒருமுறை வெளியே தெரிந்தால் மறுநாளே ஆயுதமாகிவிடும் என்று நடுங்குகிறார். கடைசியில் குறிப்புகளைத் தீயிலிட்டு, கடலுக்குள் இறங்கிப் பிராணியை அழித்து, ரகசியத்தோடு தாமும் மடிகிறார். கண்டுபிடிப்பது மட்டுமா விஞ்ஞானியின் கடமை, கண்டதற்குப் பொறுப்பேற்பதும் அல்லவா என்று கேட்கும் இந்தக் கட்டத்தைப் பரீட்சைக்குப் படிக்கும் நம் பிள்ளைகள் அவசியம் பார்க்க வேண்டும்.

சிரிப்பவர்கள்மேல் நமக்குக் கோபமில்லை. ரப்பர் ரப்பர்தான். முழுப் படத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டு, பிறகும் சிரிப்பு வந்தால் தாராளமாகச் சிரிக்கட்டும்.